படியேறுவோர் அறிய வேண்டிய மூச்சுக் கணக்கு

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில், வயல்களும் ஏரியும் சூழ எழுந்து நிற்கும் சிறு குன்று பனமலை. அதன் மேல் தாளகிரீஸ்வரர் எழுந்தருளி அருள்பாலிக்கிறார். காஞ்சி கைலாசநாதர் ஆலயத்தை எழுப்பிய இராஜசிம்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கற்றளி இது. 'தாளம்' என்ற வடசொல்லுக்குப் பனை என்றும் பொருளுண்டு. பனமலையின் பெயரையே இறைவனும் சூடிக்கொண்டிருக்கிறார்.

குன்று பெரிதன்று. இளையோர் ஒரே மூச்சில் ஏறிவிடுவர். ஆனால் அறுபதைக் கடந்தவர்க்குச் சிறு குன்றும் சில நாள்களில் பெருமலையாகத் தோன்றும். பிரதோஷ நாளில் மலைக்கோயில்களுக்குச் செல்வோர் இத்தகைய காட்சியைக் கண்டிருப்பர். எழுபதை நெருங்கும் தம்பதியர் படியேறுகின்றனர். பாதி வழியில் அம்மையார் நின்றுவிடுகிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்" என்கிறார். "போன வருஷம் நல்லாத்தானே ஏறினே?" என்று கணவர் கேட்கிறார். "வயசாகுதில்ல" என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பேச்சு அங்கே முடிந்துவிடலாகாது. கணவர் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. சென்ற ஆண்டு ஏற முடிந்த படியை இவ்வாண்டு ஏற முடியவில்லையென்றால், அதற்கு வயது மட்டுமே காரணமாக இருப்பது அரிது. மூச்சு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

நாளொன்றுக்கு 21,600

மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூல்களின் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பட்ட பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் நாடிகளின் எண்ணிக்கையான 72,000 என்றும் பெரியோர் கூறுவர். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். 21,600-ஐ 1,440-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வரும். ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு என்பது இன்றைய மருத்துவத்தின் கணக்கு. முன்னோர் சொன்ன எண் அதன் நடுவே பொருந்தி அமைகிறது.

திருவாரூரில் தியாகேசப் பெருமான் ஆடுவது அஜபா நடனம். திருமாலின் மார்பில் எழுந்தருளியிருந்தபோது, அவர் மூச்சு ஏறி இறங்க, அதற்கேற்பப் பெருமானும் அசைந்தாடினார் என்பது தல வரலாறு. வாயால் உச்சரிக்காமலே மூச்சோடு மூச்சாக நிகழும் செபம் அஜபை எனப்படும். மூச்சையே வழிபாடாகக் கண்ட மரபில் வந்தவர்கள், அதைத் தாங்கும் உறுப்பைப் பேணாதிருப்பது பொருந்தாது.

மார்புக்குள் ஒரு வீட்டின் பரப்பு

நுரையீரல்கள் இரண்டு. வலப்புறத்தில் மூன்று மடல்கள், இடப்புறத்தில் இரண்டு. இடப்புறம் இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்த நுரையீரல் சற்றே சிறியது. மூக்கின் வழியே நுழையும் காற்று அங்கேயே வெதுவெதுப்பாகி, ஈரமாகி, தூசு நீங்கி உள்ளே செல்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைத்து, பின்னும் பின்னும் கிளைத்து, ஆலமரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் விரிகிறது. அதன் கடைசிக் கிளைகளின் நுனியில் திராட்சைக் கொத்துப்போல நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை முப்பது கோடிக்கும் மேல். அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். நடுத்தரக் குடும்பத்து வீடொன்றின் தரைப்பரப்பு அது.

நுண்ணறையின் சுவர் மிக மெல்லியது. அதன் ஒருபுறம் காற்று, மறுபுறம் குருதி. காற்றிலுள்ள பிராணவாயு குருதிக்குள் செல்கிறது. குருதியிலுள்ள கரியமில வாயு காற்றுக்கு வருகிறது. உள்ளே செல்லும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. வெளியே வரும் காற்றில் அது ஏறத்தாழ 16 பங்காகக் குறைந்திருக்கும்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போது மார்புக்கூட்டில் இடம் பெருகுகிறது. காற்று உள்ளே பாய்கிறது. தசை தளர்ந்து மேலே ஏறும்போது காற்று வெளியேறுகிறது. வயிறு நிறைய உண்டபின் படியேறினால் இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறைந்த வயிறு அந்தத் தசையைக் கீழே இறங்கவிடுவதில்லை.

பழைய இருப்பு

ஓய்வில் ஒரு மூச்சுக்கு உள்ளே செல்வது அரை லிட்டர் காற்று. 21,600 மூச்சுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது. இது வரவு. செலவோ முழுமையாக ஆவதில்லை. எவ்வளவு முயன்று மூச்சை வெளியே விட்டாலும் ஒரு லிட்டருக்குக் குறையாத காற்று உள்ளேயே தங்கிவிடும். வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைப்பதைப் போன்றது இது. அந்த இருப்பு இருப்பதால்தான் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன.

இளமையில் இந்த இருப்பு அளவோடு இருக்கும். வயது ஏற ஏற நுரையீரலின் மீள்தன்மை குறைகிறது. விலா எலும்புகளை இணைக்கும் குருத்தெலும்பு இறுகுகிறது. மூச்சுத் தசைகளின் வலிமை தளர்கிறது. அதனால் தங்கும் பழைய காற்று கூடி, புதுக் காற்றுக்கு உள்ள இடம் குறைகிறது. இம்மாற்றம் முப்பத்தைந்து வயதுக்குப் பின் மெல்ல மெல்ல, ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவாக நிகழ்வது. ஓராண்டில் படிகளைக் கைவிடச் செய்யும் வேகம் அதற்குக் கிடையாது.

நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் நிலைமை வேறு. சிறு மூச்சுக்குழல்கள் வீங்கி, சளி சேர்ந்து, மூச்சை விடும்போது பாதியிலேயே மூடிக்கொள்கின்றன. உள்ளே சென்ற காற்று வெளிவர வழியின்றித் தேங்குகிறது. நோயாளியோ காற்றுப் போதவில்லை என்றெண்ணி மேலும் மேலும் இழுக்கிறார். நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதைப் போன்றது அது. அவருக்கு முதலில் வேண்டியது, பழைய காற்றை நிதானமாக வெளியேற்றுவது.

திருமூலர் காட்டும் விகிதம்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமத்துக்கு அளவு சொல்லியிருக்கிறார். உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை. உள்நிறுத்தும் கும்பகம் 64 மாத்திரை. வெளிவிடும் இரேசகம் 32 மாத்திரை. இதில் முதியோர் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, கும்பகம். குருவின் கண்பார்வையில், இளமை முதல் படிப்படியாகப் பழகிய சாதகர்க்கு உரிய அளவு 64. இரத்த அழுத்தமோ, இதய நோயோ, மூச்சடைப்போ உள்ள முதியவர், நூலில் படித்தோ தொலைக்காட்சியில் பார்த்தோ மூச்சை அடக்க முயல்வது ஆபத்து. வயிற்றை உள்ளிழுத்து விரைந்து மூச்சை வீசும் கபாலபாதி, பஸ்திரிகை முதலியவற்றுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, பூரகத்துக்கும் இரேசகத்துக்கும் உள்ள விகிதம். பதினாறுக்கு முப்பத்திரண்டு, ஒன்றுக்கு இரண்டு. இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். மூச்சடைப்பு நோயாளிகளுக்கு இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் பயிற்சியிலும் இந்த விகிதமே பயன்படுகிறது. கும்பகத்தை விடுத்து இவ்விரண்டை மட்டும் மேற்கொள்வது முதியோர்க்கு எளிது.

முறை இதுதான். தோள்களைத் தளர்த்தி அமர்க. வாயை மூடி, மூக்கின் வழியே இரண்டு எண்ணும் வரை இயல்பாக மூச்சை இழுக்க வேண்டும். பிறகு, சூடான பாலை ஊதி ஆற்றுவதைப்போல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். முக்கி ஊதக் கூடாது. குவிந்த உதடு காற்றைச் சிறிது தடுப்பதால் உள்ளே ஓர் அழுத்தம் நிலைத்து, சிறு குழல்கள் மூடாமல் திறந்திருக்கின்றன. தேங்கிய காற்று வெளியேறுகிறது. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால், இழுக்கும்போது வயிறு எழுவதும் விடும்போது அமிழ்வதும் தெரியும். உதரவிதானம் நன்கு இயங்குவதற்கு அது அடையாளம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விட வேண்டும்.

ஓதுவார் ஒருவர் தேவாரம் பாடுவதைக் கூர்ந்து கேட்டால் இதே ஒழுங்கு புலப்படும். மூச்சை எடுப்பது நொடிப்பொழுது. ஓர் அடி முழுவதும் மூச்சை விட்டவாறே பாடப்படுகிறது. ஓங்காரம் சொல்வதும் நீண்ட இரேசகமே. நாள்தோறும் வாய்விட்டுப் பதிகம் பாடும் பெரியோர், தம்மை அறியாமலே நல்லதொரு மூச்சுப் பயிற்சியைச் செய்துவருகின்றனர்.

படியில் ஏறும்போது

படியேறுகையில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து படிகளை விரைந்து கடந்து, பிறகு நின்று இளைக்கின்றனர். இதை மாற்றிக்கொள்ளலாம். நின்றபடி மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து விட்டவாறே இரண்டு படி ஏறுக. மீண்டும் நின்று இழுத்து, விட்டவாறே இரண்டு படி. நேரம் கூடுதலாகும், இளைப்புக் குறையும். ஏறும்போது பேச்சு வேண்டாம். வெயிலுக்கு முன்னரே, வயிறு இலேசாக இருக்கும்போதே ஏறுவது நலம்.

இளைப்பு மிகுந்தால் படியில் அமர்ந்து, உடலை முன்னே சாய்த்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். இந்த இருப்பில் மூச்சுத் தசைகளுக்கு வலு கூடுகிறது. இளைப்பவரைக் கண்டு பதறி மல்லாக்கப் படுக்க வைப்பது தவறு.

நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, உதடு நீலம் பாரித்தல், உட்கார்ந்த பின்னும் தணியாத திணறல், பேச முடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மூச்சுப் பயிற்சியில் காலம் போக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுப்பும் பூஜையறையும்

படியில் நின்றுவிட்ட அம்மையாரிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?" என்பதாகவே இருக்கும். பீடி, சிகரெட்டைத் தொட்டறியாத பெண்களுக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு வருகிறது. விறகும் வறட்டியும் பனமட்டையும் எரிந்த புகையில், சன்னலில்லாத சமையற்கட்டில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஊதுகுழலோடு குனிந்திருந்தவர்கள் அவர்கள். மூச்சுக்குழலின் உட்சுவரில் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து தூசையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இன்று எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. பழைய புகை செய்த கேடோ உள்ளே இருக்கக்கூடும். இளைப்புக் கண்டவர் அந்தப் பழைய கதையை மருத்துவரிடம் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெந்நீருக்காகக் கொல்லையில் இன்னமும் விறகு மூட்டும் வீடுகள் உண்டு. அந்தப் பணியை இளைப்புள்ளவரிடம் விடலாகாது. மூடிய அறையில் இரவெல்லாம் கொசுவத்திச் சுருள் எரிவதைவிடக் கொசுவலை மேலானது. போகியன்று பழைய துணி, நெகிழி, டயர் ஆகியவற்றை எரிக்கும் புகை நச்சுப் புகை.

பூஜையறையிலும் ஒரு திருத்தம் தேவை. ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் ஆகியவற்றை விலக்கச் சொல்வதற்கில்லை. ஆனால் காற்றோட்டமற்ற சிற்றறையில் கதவைச் சாத்திக்கொண்டு புகையின் நடுவே ஒரு மணி நேரம் அமர்வது நுரையீரலுக்குத் தீங்கு. சன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் நெய்தீபமும் மலரும் மட்டும் வைத்து வழிபட்டால் பூஜையில் குறை ஒன்றுமில்லை.

புகைபிடிக்கும் பெரியவர்கள், "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன?" என்பர். எழுபது வயதில் விட்டாலும் பயனுண்டு. இழந்த பகுதி திரும்ப வாராவிடினும், மிஞ்சியது தேயும் வேகம் குறைகிறது.

இருமலை மறைக்க வேண்டாம்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சென்னைக்கு இரயிலில் செல்வோர், தாம்பரத்தை அடுத்துச் 'சானட்டோரியம்' என்ற நிலையத்தைக் கடப்பர். காசநோய்க்காக டாக்டர் சவுரிமுத்து 1928-இல் அங்கு நிறுவிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்நாளில் காசநோய் என்றால் வீட்டைவிட்டு விலகி, நல்ல காற்றும் ஓய்வும் தேடி அங்கே மாதக்கணக்கில் தங்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் அஞ்சின.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்த நிலையை மாற்றியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானட்டோரியத்திலும், மற்றவர் தத்தம் எளிய வீடுகளிலும் மருந்து உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். மருந்து தொடங்கிய பின் அவர்களோடு வாழ்ந்ததால் வீட்டாருக்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. ஆய்வு நடந்த சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆகவே அச்சத்துக்கும் மறைப்புக்கும் இடமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கு அங்கு மருந்து இலவசம். பாதியில் நிறுத்தாமல் முழுக்காலமும் உட்கொண்டால் பெரும்பாலோர்க்கு முற்றிலும் குணமாகும்.

இருமலின்றி இளைப்பு மட்டும் புதிதாக வந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். இதயத் தளர்ச்சியாலும் இரத்தச் சோகையாலும்கூட இளைப்பு வரும். கால் வீக்கம் இருந்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார நேர்ந்தாலோ, இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. நுரையீரலை அறிய, ஒரு குழாயில் ஊதச் செய்யும் மூச்சுத்திறன் பரிசோதனை உண்டு. அதில் ஊசியோ வலியோ கிடையாது. பனமலைப் பகுதியினர்க்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், "அது பழகிவிடும், பிறகு விட முடியாது" என்று பெரியோர் பலர் ஒதுக்குகின்றனர். இது தவறான அச்சம். மாத்திரை உடல் முழுவதும் சுற்றி நுரையீரலை அடைகிறது. இன்ஹேலர் சிறிதளவு மருந்தை நேரே அங்கு சேர்க்கிறது. பயன்படுத்தும் முறையை மருத்துவர் எதிரில் செய்துகாட்டித் திருத்திக்கொள்வதும், பின்னர் வாய் கொப்பளிப்பதும் அவசியம். ஃபுளூ, நிமோனியாத் தடுப்பூசிகள் பற்றியும் அப்போதே கேட்டறியலாம்.

அம்மை நிற்கும் கோலம்

பனமலை ஆலயத்துக்குத் தனிப்பெருமை சேர்ப்பது அங்குள்ள பல்லவர் காலச் சுவரோவியம். அதில் உமையம்மை குடைநிழலில், ஒரு காலை மடித்து, ஒயிலாகச் சாய்ந்து நின்று இறைவனின் திருநடனத்தைக் கண்டு மகிழ்கிறாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவ்வண்ணமே நிற்கிறாள். நடனமாடும் பெருமானின் உருவம் பெரிதும் அழிந்துவிட்டது. காணும் அம்மையின் உருவம் எஞ்சியிருக்கிறது.

அம்மையே சாய்ந்து நின்று காணும் தலத்தில், படிக்குப் படி நின்று ஏறுவதற்கு எவரும் நாண வேண்டியதில்லை. பாதிப் படியில் அமர்ந்துவிட்ட அந்த அம்மையாரும் "வயசாகுதில்ல" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். கணவர் அவருக்குப் பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பதோடு நில்லாமல், அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். காரணம் இன்னதென்று தெரிந்து, மருந்தும் பயிற்சியும் ஒழுங்காகத் தொடர்ந்தால், மீண்டும் அந்தப் படிகளில் அடியெடுத்து வைக்கும் நாள் பலருக்கு வாய்க்கும். இரண்டு படிக்கு ஒரு மூச்சாக ஏறினாலும் சந்நிதி அங்கேயே இருக்கும். தாளகிரீஸ்வரர் அவசரப்படுபவர் அல்லர்.